சின்னத் தாத்தாவின் ஊதா நாக்கு

உங்களில் யார் வீட்டிலாவது அந்தக் கண்ணாடிச் சட்டம் இன்னும் தொங்குகிறதா? கல்யாணத்துக்குப் பாட்டு எழுதி, வழவழப்பான ரோஸ் தாளில் அச்சடித்து, சுற்றிலும் பூக்கொடி ஓட்டி, மேலே ‘வாழ்த்து மடல்’ என்று போட்டு, மணமேடையில் மைக்கைப் பிடித்து வாசித்துவிட்டுக் கொடுப்பார்களே, அதைத்தான் சொல்கிறேன். நம் வயதுக்காரர்கள் கல்யாணத்தில் ஆளுக்கு நாலாவது வந்திருக்கும். கொஞ்ச வருஷம் முன்னறையில் தொங்கும், அப்புறம் பீரோவுக்குப் பின்னால் போகும், அதற்கப்புறம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. எனக்கு வந்த நாலில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எங்கள் அக்காவுக்கு வந்த ஒன்றை மட்டும், இந்த முட்டிவலிக் காலத்திலும், என்னால் மறக்க முடியவில்லை. அதை எழுதியவர் எங்கள் சின்னத் தாத்தா.

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் இழுத்தடித்தேன். அப்பா இருந்தவரை இதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. இப்போது அப்பாவும் இல்லை. திட்ட வேண்டுமென்றால் நீங்கள் என்னைத் திட்டலாம், நியாயம்தான்.

சின்னத் தாத்தா என் அப்பாவுக்குச் சித்தப்பா. எங்கள் ஊர் வழக்கத்தில் அப்பா அவரைச் சின்னையா என்று கூப்பிடுவார். அப்பாவுக்கு ஐந்து வயதிருக்கும்போது அவருடைய அப்பா காலமாகிவிட, அண்ணன் மகனைத் தூக்கி வளர்த்தவர் இவர்தான். இவருடைய மனைவி சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளையும் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பத்தைந்து வருஷம் ஸ்பின்னிங்கில் நின்ற மனுஷர். ஆனால் அப்பாவை மில் வாசல் பக்கம்கூட விட்டதில்லை. “நீ படி. இந்தச் சத்தம் என்னோட போகட்டும்” என்பாராம். அப்பா படித்தார், பள்ளிக்கூடத்தில் கிளார்க் ஆனார். அதனால் மில் சங்கு கேட்டுச் சோறு வடிக்கிற ஊரில் இருந்துகொண்டே, மில்லுக்குள் என்ன நடக்கும் என்று எங்கள் வீட்டில் சின்னத் தாத்தாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மில் அவருக்குக் கொடுத்தது பென்ஷன் அல்ல, செவிட்டுக் காது. எதற்கும் காதோரம் குனிந்து கத்த வேண்டும். கத்தினாலும் பாதி நேரம் “என்ன? என்ன?” என்பார். அம்மா கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், “ஒங்க சின்னையாவுக்குச் சோறு போடுதது லேசு, சாப்பிடக் கூப்பிடுததுதான் கஷ்டம்” என்று அப்பாவிடம் அலுத்துக்கொள்வாள். எனக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை. நான் அவருக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினாலே அவருக்குப் புரிந்துவிடும். “சின்னப் புள்ள கொரலு கீச்சுன்னு இருக்குல்லா, அதான் ஏறுது” என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

அவருக்கு இரண்டே ஆசை, எழுதுவதும் பாடுவதும். எழுதுவதற்கு நோட்டு வாங்க மாட்டார். நூல் சுற்றுகிற கூம்புக் காகிதத்தை மில்லில் கோன் என்பார்கள். நசுங்கிப்போன கோன்களைத் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கி வருவார். தண்ணீரில் ஊறப்போட்டு, பிளேடால் ஒட்டிய இடத்தைப் பிரித்து, அம்மிக்குழவிக்கு அடியில் வைத்துத் தட்டையாக்குவார். விரித்தால் விசிறி மாதிரி இருக்கும், மேலே அகலம், கீழே குறுகல். அதற்குத் தக்கபடி அவர் பாட்டெல்லாம் நீள வரியில் தொடங்கி, வரவரச் சுருங்கி, இரண்டு வார்த்தையில் முடியும். ஈரம் பட்டால் ஊதாவாக எழுதுகிற காப்பிங் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவார். நாக்கு ஊதாவாக இருந்தால் சின்னத் தாத்தா ஏதோ எழுதுகிறார் என்று அர்த்தம். “நாக்க நீட்டுங்க தாத்தா” என்று நான் சோதனை போடுவேன். அவரும் அம்மன் கோயில் காளி மாதிரி நீட்டிக் காட்டுவார்.

பாட்டு வேறு கதை. மில்லில் நூல் ஓட்டியபடி முப்பத்தைந்து வருஷம் முழுத் தொண்டையில் பாடியிருக்கிறார். அந்த இரைச்சலில் ஒரு ஆத்மாவுக்கும் கேட்டதில்லை. நன்றாக இருக்கிறது என்றோ நாராசமாக இருக்கிறது என்றோ சொல்ல ஆளில்லை. வெளியே வந்த பிறகும் அதே தொண்டைதான். சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். மாடியில் அவர் பாட ஆரம்பித்தால் மாம்பழம் தின்ன வந்த அணில்கூட ஓடும். ஆனால் பாடும்போது அந்த முகம் இருக்கிறதே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, அம்புட்டுச் சந்தோஷமாக இருப்பார்.

சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவருடைய வாழ்த்து மடல் உண்டு. மம்சாபுரத்தில் அத்தை மகன் கல்யாணத்தில்தான் வினை வந்தது. பதினாலு பாட்டு எழுதிக்கொண்டு போயிருந்தார். மைக் வீல் என்று கத்தியது, அது அவருக்குக் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் முன்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். மேளக்காரர் பாதிப் பாட்டில் கெட்டிமேளம் கொட்டி முடிக்கப் பார்த்தார், அதுவும் கேட்கவில்லை. பந்தியில் இலை போட்டுச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நானும் சிரித்தேன். அப்பா மட்டும் தலையைக் குனிந்து வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த வருஷம் எங்கள் அக்காவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இடம் அமைந்தது. எண்பதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன், எனக்குப் பதினோரு வயது. மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை. மாப்பிள்ளையின் அம்மா, அதாவது எங்கள் சம்பந்தி அம்மா, முறையாகப் பாட்டுக் கற்றவர். மார்கழி மாதம் விடியலில் கோயிலில் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பாடுகிறவர். பெண் பார்க்க வந்த அன்று அவர் அக்காவிடம், “ஒனக்குப் பாட வருமாம்மா?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். அப்பா சட்டென்று மாடிப் பக்கம் பார்த்தார்.

நிச்சயம் ஆன மறுநாளே சின்னத் தாத்தாவின் நாக்கு ஊதாவாகிவிட்டது. வைகாசியில் கல்யாணம், மாசியிலேயே எழுத உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை பதினாலு இல்லை, ஒரே பாட்டுதான். எழுதினார், அடித்தார், வேறு கோனில் எழுதினார். அக்காவைத் தூக்கி வளர்த்தவரும் அவர்தானே. “இது ஒரு பாட்டு நல்லாப் பாடிட்டேன்னு வையி, பொறவு நான் பாடவே வேண்டாம் தாயி” என்று என்னிடம் சொன்னார். கோடை விடுமுறை முழுக்க மாடியில் எனக்கு எதிரில் உட்கார்ந்து பாடிப் பார்த்தார். நான் தாளம் போடுவேன். அவர் என் கையைப் பார்த்துப் பாடினார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கடைசியில் ஓரளவு நன்றாகவே வந்தது.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து அப்பா, அம்மா, அத்தை மூவரும் முன்னறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் சாய்ந்து சின்னத் தாத்தா. மடியில் கோன் காகிதம். நான் நடுவில் படுத்துக்கொண்டு மாங்கொட்டை சூப்பிக்கொண்டிருந்தேன்.

அத்தைதான் ஆரம்பித்தாள். “மம்சாபுரத்துல நடந்த கூத்து போதாதா? அந்தம்மா சங்கீதம் தெரிஞ்சவிய. அவிய முன்னாடி இவரு மைக்கப் புடிச்சாருன்னா, நம்ம புள்ள காலம் பூரா அந்த வீட்டுல தலை நிமிர முடியாது.”

“மெதுவாப் பேசுங்க மதினி. மாமா எதுக்கதான் இருக்காக” என்றாள் அம்மா.

“காதுக்குள்ள வேட்டு வச்சாலும் கேக்காது. சும்மா பேசு” என்றார் அப்பா. அப்புறம் சொன்னார். “பாடாதீங்கன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்? என்ன வளத்த மனுசன்லா.”

“நீ ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். முந்துன நாளு நம்ம எல்லாரும் மண்டபத்துக்குப் போயிருதோம். கல்யாண வீட்டப் பூட்டிப் போடக் கூடாது, வெளக்கு எரியணும், காவலுக்கு ஒரு ஆளு வேணும். அவர இருக்கச் சொல்லு. காலைல அஞ்சு மணிக்கு வேன் வரும், அதுல வாங்கன்னு சொல்லு. வேன் வராது. பொறவு கேட்டாருன்னா, வேன்காரன் வந்து ஹார்ன் அடிச்சான், ஒங்களுக்குத்தான் கேக்கலன்னு சொல்லிக்கிடலாம்.”

அம்மா “அய்யய்யோ” என்றாள். அப்பா மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். சரி என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “ஏட்டி, நீ போய்ச் சொல்லு. நீ சொன்னாத்தான் அவருக்குக் கேக்கும்” என்றார்.

எதிர்ச் சுவரில் சின்னத் தாத்தா அத்தையின் முகத்தையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாக்குக்குப் போன பென்சில் பாதியில் நின்றிருந்தது. எதுகை தேடுகிறார் என்று நினைத்தேன்.

அன்று சாயந்திரம் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். “தாத்தா, நீங்க வீட்டுக்குக் காவல். கல்யாணத்தன்னிக்கு வெள்ளன அஞ்சு மணிக்கு ஒங்களுக்கு வேன் வரும். அதுல வந்திருங்க.”

அவர் என்னைப் பார்த்தபடியே இருந்தார். “நீயா சொல்லுத தாயி?”

“ஆமா.”

“சரி. நீ சொன்னாச் சரி.”

பதினோரு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் எனக்காகச் சொல்லலாம். எல்லாம் தெரியும். பொய் என்று தெரியும், எதற்கான பொய் என்று தெரியும். மம்சாபுரத்தில் சிரித்த கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னையும் பார்த்துச் சிரிக்கும் என்ற பயமும் இருந்தது. புதுப் பட்டுப்பாவாடையும் இருந்தது.

முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. தாலி கட்டினார்கள். சம்பந்தி அம்மா மைக் முன்னால் வந்து ஒரு பாட்டுப் பாடினார், மண்டபமே அடங்கிக் கேட்டது. அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதைத்தான் இப்போது சொல்லக் கூசுகிறது. அக்கா மட்டும் மாலையோடு வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். “சின்னத் தாத்தா எங்க?” என்று இரண்டு தடவை என்னிடம் கேட்டாள். “வந்துக்கிட்டு இருக்காக” என்றேன்.

மத்தியானத்துக்கு மேல் பொண்ணு மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். சின்னத் தாத்தா முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் மடிப்புக் கலையாத துண்டு, நெற்றியில் காய்ந்த விபூதி. மடியில் நியூஸ் பேப்பர் சுற்றிய சட்டம். விடியலில் எப்படி உட்கார்ந்தாரோ அப்படியே.

பக்கத்து வீட்டு அம்மா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வாசலிலேயே அம்மாவைப் பிடித்துக்கொண்டார். “அய்யோ பாப்பம், பாவம் மனுசன், நாலு மணியிலிருந்து கெளம்பி உக்காந்திருக்காரு. தெருவுல ஒரு வண்டியும் வரல. பஸ்ஸுல போங்களேன், அரை மணி நேரந்தானேன்னு எழுதிக்கூடக் காட்டினேன். ‘வேன் வரும்னு புள்ள சொல்லிருக்கா’ன்னு சொல்லிட்டாரு.” அம்மா அவர் கையைப் பிடித்து அழுத்தி உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா சின்னத் தாத்தாவின் காதோரம் குனிந்து ஏதோ கத்தினார். அவர் “என்ன?” என்று முகத்தைத் திருப்பினார். இப்போது இரண்டு பேரும் நேருக்கு நேர். அப்பா கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். “வேன் வந்துச்சாம் சின்னையா. ஹார்ன் அடிச்சானாம். ஒங்களுக்குக் கேக்கலையாம்.”

“அப்படியாப்பா? இருக்கும், இருக்கும். எனக்குத்தான் கேட்டிருக்காது” என்றார் சின்னத் தாத்தா. மாப்பிள்ளை பக்கம் கும்பிட்டு, “மன்னிச்சுக்கிடணும்” என்றார்.

அக்கா அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். “இப்பப் பாடுங்க தாத்தா. எனக்காக எழுதுனதத்தானே, இப்பப் பாடுங்க.” மாப்பிள்ளையும் நல்லவர், சேர்ந்துகொண்டார். சின்னத் தாத்தா அப்பாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். “தொண்ட கட்டிருச்சு தாயி” என்று சட்டத்தை அக்கா மடியில் வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் பாடவில்லை. கட்டுக் கட்டாக வைத்திருந்த கோன் காகிதங்களைத் தினம் காலையில் வெந்நீர் அடுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டார். ஆனி முழுக்க எரிந்தது. பள்ளிக்கூடம் திறந்த பிறகு நான் அந்த வெந்நீரில்தான் குளித்துவிட்டுப் போனேன். ஒரு நாள் “நாக்க நீட்டுங்க தாத்தா” என்றேன். நீட்டினார். எல்லாரையும் போலச் சிவப்பாக இருந்தது.

அந்த வருஷம் நவராத்திரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டுக்குப் போனோம், சின்னத் தாத்தா மட்டும் வரவில்லை. கொலுவுக்கு மேலே சுவரில் அந்தச் சட்டம் தொங்கியது. சம்பந்தி அம்மா சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு அதைப் பாடினார். நாலே வரிதான்.

மேற்குமலைச் சாரலெல்லாம் மெல்ல மெல்ல இறங்கிவந்து வாழ்த்துகிற வேளையிலே
பூத்தகொடி எங்கள்கொடி புகுந்தவீடு போகுதம்மா
பார்த்து நடத்துங்கள்
பணிவாய்ச் சொன்னேன்.

பாடி முடித்துவிட்டு அவர் அப்பாவிடம் சொன்னார். “எத்தனையோ வாழ்த்து கேட்டிருக்கேன். எல்லாம் பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சொல்லுவாங்க. மாமியாருக்கு ஒரு வரி எழுதுனவர் இவர்தான். அன்னிக்கு அவர் வந்து பாடியிருந்தா எனக்கு எம்புட்டுச் சந்தோஷமா இருந்திருக்கும்! ஏன் வரல?”

“காது கேக்காது. வேன் வந்தது தெரியல” என்றார் அப்பா. அதை மறுபடி சொல்ல வேண்டியதாகிவிட்டது அவருக்கு. திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் சின்னத் தாத்தாவுக்கு என்று தனியாகப் பால்கோவா வாங்கினார். வீட்டுக்கு வந்து கையில் கொடுத்தார். “என்னப்பா விசேஷம்?” என்று அவர் கேட்டதற்கு “சும்மாதான்” என்றார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்தான் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். அவர் கையில் இருந்த பால்கோவாவை அப்படியே கீழே வைத்துவிட்டார். “அந்தம்மா பாடுனாகளா? என்ன மெட்டு?” நான் வாய் திறந்து பாடிக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். “மெட்டு வாயில தெரியாதுல்லா தாயி” என்றார். எனக்கு அது புரியவில்லை. கிழவர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பட்டப்படிப்பு முடித்துவிட்டு, ஒரு மில் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். சேர்ந்த வாரம் ஒரு கையெழுத்து வாங்க முதல் தடவையாக ஸ்பின்னிங்குக்குள் போனேன். கதவைத் திறந்ததும் தலைக்குள் இடி இறங்கின மாதிரி இருந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. உள்ளே இந்தக் கோடியில் ஒரு பெண், அந்தக் கோடியில் ஒரு பெண். நடுவில் இருபது முப்பது அடி. வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஏதோ சொன்னாள், மற்றவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வெளியே வந்ததும் வயதான மேஸ்திரியிடம் கேட்டேன். “இது தெரியாதா? உள்ள யாருக்கு என்ன கேக்கும்? எல்லாம் வாயப் பாத்துத்தான். ஒரு வருசம் நின்னா தானா வந்துரும்” என்றார். நான் யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தார். சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. “அவரு பேத்தியா நீ? முன்ன ஒரே மில்லுல நின்னோம். அவரு கண்ணு அப்படிப்பட்ட கண்ணு. முதலாளி அந்தக் கோடில நின்னு முணுமுணுத்தாக்கூட இங்க இருந்து சொல்லிருவாரு. அவரு முன்னால யாரும் ரகசியம் பேச மாட்டோம்லா.”

எப்படி ஆபீசுக்குத் திரும்பினேன், என்ன டைப் அடித்தேன் என்று ஞாபகம் இல்லை. ஞாபகம் வந்ததெல்லாம் எதிர்ச் சுவரும் பாதியில் நின்ற பென்சிலும்தான். நாங்கள் ஒரு சொல் விடாமல் அவர் கண்ணெதிரில் வைத்துப் பேசியிருக்கிறோம். அப்பா மில்லுக்குள் கால் வைத்திருந்தால் அவருக்கு இது தெரிந்திருக்கும். வைக்கவிடாமல் காப்பாற்றியவர் சின்னத் தாத்தாதான். வராது என்று தெரிந்த வேனுக்காகக் கஞ்சி போட்ட சட்டையோடு நாலு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். பஸ்ஸிலும் ஏறவில்லை.

சாயந்திரம் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு நேரே உள்ளே போனேன். சின்னத் தாத்தா அதே சுவரில் சாய்ந்திருந்தார், ரொம்பத் தளர்ந்துபோயிருந்தார். ஜன்னல் பக்கம் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் சின்னத் தாத்தாவுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். துளிகூடச் சத்தம் வராமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன்.

“தாத்தா, அன்னிக்கு வேன் வந்துச்சா?”

அவர் என் வாயையே பார்த்தார். என் கண்ணைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அப்புறம், தெருவுக்கே கேட்கிற அந்தப் பழைய மில் குரலில், நிதானமாகச் சொன்னார்.

“வந்துச்சு தாயி. ஹார்ன் அடிச்சான். எனக்குத்தான் கேக்கல.”

அப்பா பேப்பரை இறக்கி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். கேள்வி அவருக்குக் கேட்டிருக்காது. பதில் மட்டும்தான் கேட்டது.